இன்ஜின்காரர் விட்டுவைத்த வசனம்

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு இன்ஜின்காரர் என்றுதான் பெயர். புதிதாக வந்த காவலாளி அவரை ரயில் ஓட்டுகிறவர் என்று நினைத்து ஒரு வாரம் சல்யூட் அடித்தார். அவர் வீட்டில் கட்டிக்கொண்டிருந்தது கம்ப்யூட்டர் கேமுக்கான இன்ஜின். திரையில் படம் காட்டுவது, சத்தம் கொடுப்பது, சுவரில் மோதினால் நிறுத்துவது எல்லாம் அதன் வேலை. ஆயத்தமாகக் கிடைக்கிற சமாச்சாரம்தான். அவர் வாங்கவில்லை.

"அடுத்தவன் வண்டியில ஏறினா அவன் நிறுத்துற இடத்துலதான் இறங்கணும்," என்பார். தன் கையே தனக்கு உதவி என்கிற கட்சி.

கேம் சின்னது. வெள்ளம் வடிந்த ஊரில் ஒரு சிறுமி அப்பாவைத் தேடி நடக்கிறாள். குரல் கொடுத்தது அவருடைய மகள். அப்போது ஏழு வயது. எதிரொலி வராமலிருக்கத் துணி அலமாரிக்குள் உட்காரவைத்து இருநூற்றுப் பதினோரு வசனங்களைப் பதிவு செய்தார். அப்பாவைக் கண்டதும் பேசுகிற கடைசி வசனத்தை மட்டும் விட்டுவைத்தார்.

"அந்த இடத்துல உதடு அசையணும் கண்ணு. இன்ஜின்ல அது வந்ததும் பேசிக்கலாம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது. தண்ணீரைச் சரிசெய்தால் நிழல் உடைந்தது, நிழலைச் சரிசெய்தால் சத்தம் திக்கியது. வேறு யாராவது எழுதியிருந்தால் ஆசை தீரத் திட்டலாம். இங்கே திட்டு வாங்கவும் அவரேதான். மூன்று முறை கலைத்துக் கட்டினார். வீண் என்று சொல்ல மாட்டேன். ஓட்டைக் கம்ப்யூட்டரில்கூட கேம் இரண்டே நொடியில் திறந்தது. ஈரத் தரையில் சிறுமியின் காலடி பதிந்து மெல்லக் காய்கிற அழகுக்கு எத்தனை வருடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. மனைவிதான், "ஊரையே கட்டிட்டீங்க, குடிவர ஆளைத்தான் காணோம்," என்பாள்.

ஒன்பதாவது வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உதடு அசைந்தது. கையும் ஓடாமல் காலும் ஓடாமல் மகளைக் கூப்பிட்டார்.

பதினாறு வயதுப் பெண் மைக் முன்னால் வந்து நின்றாள். "அப்பா, நான் வந்துட்டேன்," என்றாள். அது யாரோ ஒரு பெரிய பெண்ணின் குரலாக இருந்தது. மெல்லிசாக்கிப் பேசினாள், மூக்கால் பேசினாள், எட்டு தடவை பார்த்துவிட்டு நிறுத்தினாள்.

"குரல் எப்பம்மா மாறிச்சு?" நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"மூணு நாலு வருஷம் இருக்கும்ப்பா," என்றாள். அவள் கோபப்படாததுதான் அவருக்குத் தாங்கவில்லை. ஏழு வயதுக் குரலைத் தினமும் ஹெட்போனில் கேட்டுச் சோதித்துக்கொண்டிருந்தவர், அடுத்த அறையில் பேசிக்கொண்டிருந்தவளைக் கேட்கவில்லை. மேசையில் தலைகவிழ்ந்து அழுதார். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

அந்தக் கேமின் கடைசிக் காட்சியில் சிறுமி பேசுவதில்லை. ஓடிவந்து நிற்கிறாள், அவ்வளவுதான். அசைவது அப்பாவின் உதடு. குரல் இன்ஜின்காரருடையது, பதிவு செய்தவள் மகள்.

"மன்னிச்சுக்கம்மா. ரொம்ப நேரமாயிடுச்சு."