கண்ணையன் பேரில் வந்த காயிதம்

பாகூர்ப் பக்கத்தில் அரங்கநாத வாத்தியாரைத் தெரியாத ஆளே கிடையாது. முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் பென்ஷன் வாங்கினவர், அப்புறமாவது காலை நீட்டி உட்கார்ந்தாரா என்றால் அதுதான் இல்லை. மனு எழுதணுமா, வாந்திபேதி கண்டவனை வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணுமா, எல்லாத்துக்கும் வாத்தியார்தான். "தெய்வம்யா அவரு" என்று ஊர் சொல்லும். கேட்டால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். கூசாமல் என்ன செய்யும்? செய்த காரியம் அப்படி.

செய்தது இருபத்தொன்பதில். தங்கவேல் என்கிற குடியானவன் தன் மகன் செல்லக்கண்ணுவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வந்தான். பிள்ளை பிறந்ததை, பிறப்பு இறப்பு எழுதிவைக்கிற மேரி ஆபீசில் பதியவே இல்லை. அந்தக் காயிதம் இல்லாமல் சேர்க்க முடியாது. புதிதாக வாங்கணும்னா, சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு புதுச்சேரி கோர்ட்டுக்கு நடையாய் நடக்கணும்.

"மூத்தவனுக்குக் காயிதம் இருக்குதுங்க" என்றான் தங்கவேல். மூத்தவன் கண்ணையன், மூணு வயசிலேயே வாந்திபேதியில் போனவன். அந்தச் சாவையும் யாரும் பதியவில்லை.

"அதையே குடுப்பா. பையன் படிச்சா போதும், யாரு கேக்கப்போறா?" என்றார் வாத்தியார்.

அவ்வளவுதான். காயிதத்தில் செல்லக்கண்ணு கண்ணையன் ஆனான், மூணு வயசும் கூடிப்போச்சு. வகுப்பில் அவர் கூப்பிட்டதென்னவோ செல்லக்கண்ணு என்றுதான். தங்கவேல் மறுவருஷமே செத்தான். அவன் பெண்டாட்டி ராமாயிக்கு இந்தச் சங்கதியே தெரியாது.

முப்பத்தொன்பதில் சண்டை வந்தது. சைகோனுக்கு அனுப்பப் பிரெஞ்சுப் பட்டாளத்தில் ஆள் எடுத்தார்கள். ஓங்குதாங்காக வளர்ந்திருந்த செல்லக்கண்ணு சிரித்துக்கொண்டே ஓடிவந்தான்: "காயிதத்துல பதினெட்டு ஆயிடுச்சு சார், எடுத்துக்கிட்டாங்க!" நிஜத்தில் பதினைந்து. ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்கள். சொன்னால் தன் பொய்யும் வெளியே வரும், பென்ஷனும் போகும். வாயை மூடிக்கொண்டார் மனுஷன். அன்றையிலிருந்து ஊருக்காக இன்னும் பேயாய் அலைந்தார்.

நாற்பது சித்திரையில் ராமாயி ஒரு சர்க்கார் காயிதத்தோடு வந்து நின்றாள். வாத்தியார் பிரித்தார். "தங்கவேல் மகன் கண்ணையன் இறந்துபோனான்" என்பதுவரை படித்து நிறுத்தினார்.

ராமாயி மாரில் கைவைத்துச் சிரித்தாள். "அடப் பாவிங்களா! மூத்தவன் செத்து பதினாறு வருஷமாச்சு, இப்பத்தான் தெரிஞ்சுதாமா? பயந்தே போயிட்டேங்க. அப்ப சின்னவன் நல்லா இருக்கான் இல்ல?"

ஆமாம் என்றால் போதும், அவள் சந்தோஷமாக வூட்டுக்குப் போய்விடுவாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பொய் சொன்னதெல்லாம் போதும் என்று ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார்.

அவள் அழவில்லை, திட்டவில்லை. அது இன்னும் கொடுமை.

"அப்ப எம்புள்ள செல்லக்கண்ணு பொறக்கவும் இல்ல, சாகவும் இல்ல. அப்படித்தான?"

வாத்தியார் காயிதத்தை மடித்து அவளிடம் நீட்டினார்.

"ஊருக்கெல்லாம் எழுதறியே, எனக்கு ஒண்ணு எழுதுய்யா. அவன் பொறந்தான்னு எழுது."

எழுதினால் செய்த குற்றத்தைத் தன் கையாலேயே ஒப்புக்கொண்டதாகும். பென்ஷனோடு போகாது, ஜெயிலும் உண்டு. பேனாவை எடுத்தார். தங்கவேல் மகன் செல்லக்கண்ணு பிறந்தான், அண்ணன் காயிதத்தில் பட்டாளம் போய்ச் செத்தான் என்று மேரி ஆபீசுக்கு மனு எழுதினார்.

"எங்க இருக்குது அவன் பேரு?"

காட்டினார். ராமாயி அதன்மேல் விரலை வைத்தாள், எடுக்கவே இல்லை. தன் கையெழுத்தைப் போட வாத்தியார் காத்துக்கொண்டிருந்தார்.