ஜெசிந்தா எனக்கு எழுதிய நன்றி வரி

வெள்ளவத்தைச் சந்தையில் மீன் வெட்டுவித்துக்கொண்டு நின்றபோதுதான் செய்தி வந்தது. எங்கள் ஆய்வு நிலையத்தின் வட்சப் குழுவில் பணிப்பாளர் இரண்டு வரி போட்டிருந்தார். கலாநிதி ஜெசிந்தா இன்று காலை காலமானார், உடல் கொட்டாஞ்சேனை வீட்டில் வைக்கப்படும். அதை நான் வாசித்து முடிப்பதற்குள் கீழே இரங்கல்கள் வந்து குவியத் தொடங்கிவிட்டன. வைத்தியர்கள் எழுதினார்கள், வனவிலங்கு அலுவலர்கள் எழுதினார்கள், எங்களை விட்டு வெளிநாடு போய்ப் பத்து வருடமானவர்கள்கூட எழுதினார்கள். "மொகத நோனா, மாளு எப்பாத?" என்று மீன்காரர் கேட்டார், என்ன, மீன் வேண்டாமா என்று. வேண்டும் என்று சொல்லி மீனை வாங்கிக்கொண்டு வந்தேன். ஆனால் அன்று சமைக்கவில்லை.

உண்மையைச் சொன்னால், எனக்கு முதலில் அழுகை வரவில்லை. நான் செத்தால் இத்தனை பேர் இவ்வளவு வேகமாக எழுதுவார்களா என்ற எண்ணம்தான் வந்தது. இப்படிப்பட்ட ஒருத்தியிடம் நினைவஞ்சலி கேட்டது ஜெசிந்தாவின் தம்பி அன்ரனின் பிழை. "முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் அச்சடிக்கிறம் அக்கா. நீங்கள்தானே அவவோட கனகாலம் ஒரே அறையில இருந்தனீங்கள். உங்கட வாசிப்பில அவவுக்குப் பெரிய மதிப்பு. தன்ர கட்டுரையிலயே எழுதியிருக்கிறாதானே" என்றார். அந்த மதிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அன்ரன் இதை மலரில் போடுவாரோ இல்லையோ, அது அவர் விருப்பம்.

ஜெசிந்தாவை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜெசிந்தா கொட்டாஞ்சேனையில் பிறந்து, கொட்டாஞ்சேனையிலேயே வாழ்ந்து முடித்தவர். துறைமுகத்தில் வேலைசெய்த தகப்பனின் மூத்த மகள். பொறியியல் படித்தவர். இறப்பர், ஜெல் போன்ற மெத்தென்ற பொருட்களின் மேல் பாரம் விழும்போது அவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதுதான் அவருடைய துறை. என்னுடைய துறை அளவு கருவிகள். அதாவது அவர் ஒன்றைச் செய்வார், நான் அதை அளந்து சொல்வேன். ஆரம்பத்திலிருந்தே இந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே வருடத்தில் சேர்ந்தவர்கள் நாங்கள். பரீட்சைப் பெறுபேற்றில் நான் அவரைவிட ஒரு படி மேல். இதை நான் அவரிடம் ஒருபோதும் சொன்னதில்லை, ஆனால் ஒருநாளும் மறந்ததுமில்லை.

பொறியியலாளர், வைத்தியர், வனவிலங்குக்காரர் எல்லோரும் ஒன்றாக வேலைசெய்ய வேண்டும் என்று பணிப்பாளருக்கு ஓர் ஆசை. அதற்காக எங்களை ஒரு குழுவாக்கினார். முதல் வேலை யானையின் கழுத்துப் பட்டி. காட்டு யானை எங்கே போகிறது என்று அறிய ரேடியோக் கருவி பூட்டிய பட்டியைக் கழுத்தில் கட்டுவார்கள். அது உரசி உரசிச் சில யானைகளுக்குப் புண் வந்துவிடும். பட்டிக்கு உள்ளே ஒரு மெத்தை போட முடியுமா என்று மிருக வைத்தியர் கேட்டார்.

ஜெசிந்தாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. எது இன்னோர் உடம்பில் ஏறப்போகிறதோ, அதை முதலில் தன் உடம்பில் கட்டிப் பார்ப்பார். பட்டியில் ஒரு துண்டை வெட்டி, பாரத்தையும் சேர்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு பதினொரு நாள் கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளையிலுள்ள எங்கள் நிலையத்துக்கு பஸ்ஸில் வந்தார். நாரி வருத்தமா, இடுப்பு நோகிறதா என்று நடத்துனர் சிங்களத்தில் கேட்டாராம். "நே மல்லி, மே அலியாட்ட" என்றாராம் இவர். இது எனக்கில்லை, யானைக்கு. நடத்துனர் உடனே ஒருவரை எழுப்பிவிட்டு இவருக்கு இடம் பிடித்துக் கொடுத்தாராம். மதியச் சாப்பாட்டில் இதை அவர் சொன்னபோது மேசையே சிரித்தது. பட்டிக்கு உள்ளே இருந்த அழுத்த உணரியைச் செய்தது நான். அதைப் பற்றி நான் பத்து நிமிடம் விளக்கியபோது மிருக வைத்தியர் பருப்புக் கறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயிற்றெரிச்சல் என்று பலர் சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். எனக்கு அது மெய்யாகவே வயிற்றில்தான் வரும்.

மிகவும் வலித்தது வேறொரு மதியம். பட்டி பட்ட இடத்தில் யானைக்கு வந்த புண்ணின் படத்தை மிருக வைத்தியர் தன் தொலைபேசியில் காட்டினார். எனக்கு மறுபக்கம் இருந்தவர் நீரிழிவுக்காரரின் கால் புண்களைப் பார்க்கும் வைத்தியர். "இங்க பாருங்கோ, எங்கட கிளினிக்குக்கு வாற ஆக்கள்ர பாதத்திலயும் இப்பிடித்தான் வட்டமா வரும்" என்றார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தேன். "சாப்பிடேக்க இதையே காட்டுறீங்கள், அங்கால எடுங்கோ" என்று முகத்தைச் சுளித்தேன். எதிரே இருந்த ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டு வந்து, "அந்தப் போனை ஒருக்காத் தாங்கோ" என்றார். அப்படித்தான் யானைக்குச் செய்த மெத்தை மனிதரின் செருப்புக்குள் வந்தது. பாதத்தில் உணர்வு செத்துப்போனவர்களுக்கு எங்கே அழுத்துகிறது என்று தெரியாது. தெரியாமலே நடந்து நடந்து புண்ணாக்கிக் கடைசியில் விரலையோ காலையோ இழப்பார்கள். அவர்களுக்கான மெத்தைச் செருப்பு அந்த நிமிடம் பிறந்தது. அந்தப் படம் என்னுடைய சோற்றுப் பார்சலுக்கு மேலால்தான் கைமாறியது. யோசனை என் மூக்குக்கு முன்னால் போனது, நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

அடுத்த ஒரு வருடம் அவர் இந்தச் செருப்போடுதான் திரிந்தார். உள்ளே என் உணரிகள். காலை வீட்டிலிருந்து புறப்படும்போது ஒரு வாசிப்பு, பஸ்ஸில் ஒன்று, மதியம் ஒன்று, வீடு திரும்பும்போது ஒன்று. எல்லாவற்றையும் அட்டவணையாக்கிக் கட்டுரை எழுதினார். ஆய்வு இதழுக்கு அனுப்புவதற்கு முன்னர் அச்செடுத்த பிரதியையும் ஒரு பென்சிலையும் என் மேசையில் வைத்தார். "புகழ வேண்டாம் வத்சலா. பிழையைக் குத்திக் காட்டும்" என்றார். எந்தக் கட்டுரையானாலும் இப்படித்தான் கொடுப்பார்.

மூன்றாவது அட்டவணையில் பிழை கிடந்தது. மதிய வேளையில் அழுத்தம் குறைவதாக வாசிப்புகள் காட்டின. மெத்தை காலுக்கு ஏற்பப் பதிந்து கொடுக்கிறது, அதனால் குறைகிறது என்று அவர் எழுதியிருந்தார். அது மெத்தை செய்த வேலையல்ல. அந்த உணரி சூடேறினால் குறைத்துக் காட்டும். நாங்கள் அதைச் சரிபார்த்தது குளிரூட்டிய அறையில். அவர் நடந்ததோ கொழும்பு வெயிலில், தார் ரோட்டில். மெய்யான அழுத்தம் அவர் எழுதியதைவிடக் கூட. அந்த எண்ணை நம்பிச் செருப்புச் செய்தால் மெத்தையின் தடிப்புப் போதாது. உணர்வில்லாத கால் அதைச் சொல்லவும் போவதில்லை.

உணரி என்னுடையது என்பதால் ஒரு பார்வையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. எண்களைச் சுற்றி வட்டம் போட்டேன். பக்கத்தில் "சூடு?" என்று எழுதினேன். பிறகு சிறிது நேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை அனுப்பினால் எங்கோ ஒரு பரிசோதகர் கண்டுபிடிப்பார், கட்டுரை திரும்பி வரும், ஒருமுறையாவது ஜெசிந்தா தலைகுனிவார் என்று தோன்றியது. யாரும் கண்டுபிடிக்காமல் போனால் என்ன நடக்கும் என்றும் தோன்றியது. அந்த இரண்டாவது நினைப்பைத் தள்ளி வைத்தேன். வட்டத்தையும் எழுத்தையும் அழித்துவிட்டு, வேறு பக்கத்தில் இரண்டு எழுத்துப் பிழைகளைக் காட்டி, "நல்லாயிருக்கு" என்று திருப்பிக் கொடுத்தேன்.

மூன்று கிழமைக்குப் பிறகு ஜெசிந்தா எல்லா உணரிகளையும் வெந்நீர்த் தொட்டியில் வைத்து மறுபடி சரிபார்த்தார். அட்டவணை முழுவதையும் மாற்றினார், மெத்தையைத் தடிப்பாக்கினார். தானாகக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன். நிம்மதியும் வந்தது, எரிச்சலும் வந்தது. எது முதலில் வந்தது என்று கேட்க வேண்டாம்.

கட்டுரை வெளியானபோது இறுதியில் நன்றி வரி ஒன்று இருந்தது. கவனமாக வாசித்தமைக்காக வத்சலாவுக்கு நன்றி. எல்லோரும் வந்து எனக்குக் கை கொடுத்தார்கள். அடுத்த வருடம் பதவி உயர்வு நேர்முகத்தில் அந்த வரியைக் காட்டி, "சகாக்களின் வேலையை இப்படிச் செம்மைப்படுத்துகிறவர்தான் நிலையத்துக்குத் தேவை" என்று ஒருவர் சொன்னார். எனக்கு உயர்வு கிடைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வரியை எத்தனை தரம் எடுத்துப் பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒன்றும் தெரியாமல் எழுதினாரா, தெரிந்துகொண்டு ஊசி ஏற்றினாரா? இரண்டில் எது என்றாலும் என்னால் தாங்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அவருடைய பெயர் வளர்ந்தது. விருது வந்தது, பத்திரிகையில் படம் வந்தது. யானைப் பட்டிக்கு இரண்டாவது மெத்தை, படுக்கையாகக் கிடக்கும் நோயாளிகளுக்கு விரிப்பு என்று வேலைகள் தொடர்ந்தன. ஒவ்வொன்றையும் தன் உடம்பில் கட்டியும் விரித்துப் படுத்தும் பார்த்தார். எனக்கும் குறையில்லை, நல்ல பதவி, நல்ல அறை. ஆனால் அவருடைய அறைக்குப் போகிறவர்கள் என் அறையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது.

சென்ற வருடம் அவருக்கு நோய் கண்டது. கடைசி மாதம் ஆஸ்பத்திரியில் பகல் பார்வையாளர் நேரத்தில் போயிருந்தேன். தோடம்பழம் கொண்டுபோனேன். அதை உரித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னேன்.

"ஜெசி, அந்தச் செருப்புக் கட்டுரை. மூண்டாவது அட்டவணையில பிழை இருந்தது எனக்குத் தெரியும். பாத்திட்டுச் சொல்லாமல் விட்டனான்."

"தெரியும். வட்டம் போட்டிட்டு அழிச்சனீர்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே.

நிமிர்ந்து அவருடைய முகத்தைப் பார்த்தேன்.

"பாரம் விழுந்தா என்ன நடக்கும் எண்டு பாக்கிறதுதானே என்ர வேலை. பென்சில் அழுத்தின தடம் தெரியாதே? யன்னலடியில தாளைச் சரிச்சுப் பிடிச்சனான். சூடு எண்டு எழுதினதும் தெரிஞ்சுது."

"பிறகு ஏன் எனக்கு நன்றி எழுதினீர்?"

"கவனமா வாசிச்சதுக்கெண்டுதானே எழுதினன். சொன்னதுக்கெண்டு எழுதேல்லையே." சிரிக்கப் போய் இருமினார். தண்ணீர் கொடுத்தேன்.

"கோவம் வரேல்லையா?"

"ஏன் வராமல்? ரெண்டு கிழமை உம்மோட கதைக்காமல் இருந்தனான். நீர் அதைக் கவனிக்கவும் இல்லை." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஆனா ஒண்டு வத்சலா. நீர் நேர வந்து பிழை எண்டு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன். இவவுக்கு எரிச்சல், அதான் சொல்றா எண்டு விட்டிருப்பன். நீர் அழிச்சபடியாத்தான் அது மெய்யான பிழை எண்டு எனக்கு விளங்கினது."

உரித்த சுளைகளைத் தட்டில் வைத்தேன். அவர் ஒன்றைத்தான் தின்றார். என் எரிச்சல் யாருக்கும் தெரியாது என்று இத்தனை வருடம் நான் நம்பியிருந்தேன். அவருக்கு அது முதல் நாளிலிருந்தே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டும் ஒவ்வொரு கட்டுரையையும் என்னிடம் பென்சிலோடு கொடுத்திருக்கிறார்.

இந்த மலரை வாசிக்கிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். அந்த நன்றி வரியைக் காணும்போது நான் உதவினேன் என்று கொள்ளாதீர்கள். பிழையைக் கண்டு மறைத்தவள் நான், மறைத்த இடத்திலிருந்து அதை எடுத்தவர் அவர். பதவி உயர்வு தந்தவர்களுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன்.

அடக்கத்தன்று கொட்டாஞ்சேனை ஒழுங்கை நிறைய ஆட்கள். பெட்டியில் அவரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். வாசலில் கழற்றி விட்டிருந்த செருப்புகளுக்குள் அவருடைய மெத்தைச் செருப்புகளும் கிடந்தன. எதையும் அளந்து பார்க்கிற பழக்கத்தில் அவற்றை எண்ணத் தொடங்கினேன். பதினாலு சோடி வந்தபோது ஒரு பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். மட்டக்குளியில் மீன் ஏற்றுகிறவராம். பாதத்தில் உணர்வில்லாததால், கால் செருப்புக்குள் போய்விட்டதா என்று குனிந்து பார்த்துத்தான் போட்டார். பிடிக்கக் கை கொடுத்தேன்.

"மிஸ்ஸும் அந்த மிஸ்ஸோட வேலை செஞ்சவங்களா?" என்று கேட்டார்.

"ஓம்."

"அப்ப இந்தச் செருப்பு நீங்களும் சேந்து செஞ்சதா?"

எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக என்னிடம் கேட்ட கேள்வி அது. ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறேன்.

"இல்லை ஐயா. அது அவ செய்தது. நான் பக்கத்து மேசை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு காலாலும் நன்றாக ஊன்றி, ஒழுங்கையில் இறங்கி நடந்தார். முனை திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். போய்வாரும், ஜெசிந்தா. அந்த மனிதர் நடந்த நடையைப் பார்த்தபோதும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.