பியோர்ண்டால் உள்ளே, ஸ்ட்ரோம்மன் வெளியே

பிள்ளைகளே, பொங்கல் விழா முடிந்து வரும்போது காரில் என்னிடம் கேட்டீர்கள்: "அப்பா, கும்மியிலை ஏன் பியோர்ண்டால், ஸ்ட்ரோம்மன் எண்டு கூப்பிடுகினம்? பஸ்ஸிலை ஊர்ப்பேர் சொல்லுற மாதிரியெல்லோ கிடக்கு!" என் தங்கச்சி, உங்கள் மாமி, முன் இருக்கையில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன், எழுத்தில் பிழை இருக்கும். என்றாலும் இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் பெண்களின் கும்மியில் பாட்டின் நடுவே வட்டம் இரண்டாகப் பிரியும். பிரியவேண்டிய இடத்தில், ஆட்டத்தை நடத்துகிற அன்ரி குரல் கொடுப்பார். போன வருடம் வரை அவர் கூப்பிட்டது, "சுமங்கலிமார் உள்ளுக்கை! மற்றவை வெளியிலை!" என்றுதான். புருஷன் உள்ள பெண்கள் உள்வட்டம், குமர்ப்பிள்ளைகளும் புருஷனை இழந்தவர்களும் வெளிவட்டம். ஊரிலிருந்து அப்படியே வந்த வழக்கம். யாரும் அதை யோசித்துப் பார்த்ததில்லை.

உங்கள் மாமா போரின் கடைசி மாதங்களில் காணாமற்போனார். இருக்கிறார் என்று சொல்லவும் ஆளில்லை, இல்லை என்று சொல்லவும் ஆளில்லை. மாமி இன்றைக்கும் பொட்டு வைக்கிறார். அந்தக் கூப்பாடு வரும்போது அவர் எங்கே போவார்? உள்ளே போனால், என்ன துணிச்சலில் போகிறாள் என்று யாராவது பார்ப்பார்கள். வெளியே நின்றால், மாமா இல்லை என்று தன் வாயாலேயே சொன்ன மாதிரி ஆகிவிடும். அதனால் பாட்டு அந்த இடத்துக்கு வருமுன்பே, தேத்தண்ணி பார்க்கிறேன் என்று குசினிக்குள் போய்விடுவார். நான் ஓரத்தில் இருந்து தாளம் போடுகிறவன். ஒவ்வொரு ஒத்திகையிலும் இதைப் பார்த்தேன். தங்கச்சியிடம் என்ன கேட்பது? கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டிவருமே.

ஒரு சனிக்கிழமை, பள்ளிக்கூட ஜிம் மண்டபத்தில், அன்ரி பாட்டைப் பாதியில் நிறுத்தினார்.

"இண்டையிலையிருந்து அந்தச் சுமங்கலிச் சொல்லு வேண்டாம். வேறை ஏதும் சொல்லுங்கோ."

"கலியாணம் கட்டினவை எண்டு கூப்பிடுங்கோவன்," என்றார் ஒருவர்.

இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளை ஒன்று கை தூக்கியது. "அன்ரி, நானும் அவரும் இந்த நாட்டுப் பாஷையிலை சொல்லுற 'சம்பூர்'. கட்டாமல்தான் ஒண்டா இருக்கிறம். அப்ப நான் வாசலிலையோ நிக்கிறது?"

"உன்ரை அம்மாவுக்குக் கேக்கப்போகுது, மெல்லமாக் கதை!"

"அவவுக்குத் தெரியும் அன்ரி. உங்களுக்குத்தான் இப்ப தெரியும்."

"சரி, வயது கூடினவை உள்ளுக்கை எண்டு சொல்லுவம்," என்றார் இன்னொருவர்.

"சொல்லிப் பாருங்கோ. ஒருத்தரும் வராயினம்!"

எல்லோரும் சிரித்தார்கள். விழாவுக்குப் பொறுப்பான ஐயா மட்டும் கதிரையில் இருந்தபடி, "பரம்பரையா வந்த சொல்லை ஏன் பிள்ளை மாத்தவேணும்?" என்றார்.

"பரம்பரையா வெறுங்காலோடைதான் ஆடினவை ஐயா. நாங்கள் கம்பளி மேஸ் போட்டுக்கொண்டு ஆடுறம். அதுக்கு ஒண்டும் சொல்லேல்லையே நீங்கள்," என்றார் அன்ரி.

ஐயா குனிந்து தன் காலிலிருந்த மேஸைப் பார்த்தார். அன்ரி பஸ் ஓட்டுகிறவர் என்பது உங்களுக்குத் தெரியும். கையைத் தட்டிவிட்டு, பஸ்ஸில் பின்னால் நிற்பவர்களை உள்ளே வரச்சொல்லுகிற குரலில் கூப்பிட்டார்: "பியோர்ண்டால் ஆக்கள் உள்ளுக்கை! ஸ்ட்ரோம்மன் ஆக்கள் வெளியிலை!"

"நான் ஸ்தவாங்கரிலையிருந்து வந்து நிக்கிறன். நான் எங்கை?" என்று கேட்டார் விருந்தாக வந்திருந்த ஒருவர்.

"நீங்கள் கடலிலை எண்ணெய் எடுக்கிற ஊர்க்காரர். எங்கை வேணுமெண்டாலும் வழுக்கிக்கொண்டு போங்கோ."

மாமி அப்போது குசினிக் கதவடியில் நின்றார். அன்ரி அவர் பக்கம் திரும்பவேயில்லை. வட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பியோர்ண்டாலிலை ஒராள் குறையுது. தேத்தண்ணி பிறகு ஊத்தலாம்."

பியோர்ண்டாலில் இருப்பவர் என்றால் மாமி உள்ளேதானே வரவேண்டும். வந்தார். நான் தாளத்தை ஒரு இடத்தில் விட்டுவிட்டேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

அன்று வீட்டுக்கு வரும் வழியில் மாமி சொன்னது இவ்வளவுதான்: "அண்ணை, ஸ்ட்ரோம்மன் ஆக்களுக்குச் சரியான அவசரம். கை முந்தி விழுகுது."

அன்ரிக்கு மாமியின் கதை எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அவர் மாமியிடம் ஒன்றும் கேட்கவில்லை. இரக்கமாக ஒரு பார்வை பார்க்கவில்லை. மாமி எதற்கும் பதில் சொல்லாமலே நிற்க ஓர் இடம் கொடுத்தார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டவன். நேரே சொன்னால், ஏன் சொல்கிறேன் என்று விளங்கப்படுத்த வேண்டிவரும். அது மாமியைப் பற்றிய பேச்சாகிவிடும். அதனால் இன்றுவரை சொல்லவில்லை.

விழா முடிந்த அன்று மண்டபத்தைத் துப்புரவாக்குகிற முறை அன்ரியுடையது. "நாளைக்கு வெள்ளனப் பஸ் எடுக்கவேணுமெல்லோ, நீங்கள் போங்கோ அக்கா," என்று சொல்லி மண்டபக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டேன். உங்களையும் மாமியையும் வீட்டில் இறக்கிவிட்டு, பால் வாங்கப் போவதாகச் சொன்னேன் அல்லவா? மண்டபத்துக்குத்தான் திரும்பிப் போனேன். பொங்கல் பானையின் அடியில் பிடித்ததைச் சுரண்டிக் கழுவினேன். கதிரைகளை அடுக்கினேன். பிறகு வாளியில் சுடுதண்ணீர் எடுத்து, நிலம் முழுவதையும் ஒரு மூலை விடாமல் துடைத்தேன்.