கண்ணாடிக்கு வைத்த பொட்டு

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் நடந்தது இது. எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், காவலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அழுகைதான் வந்தது.

முதலில் மிஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குச் சாமைதான் பயிர், சாமைதான் சோறு. ஆனால் உமி நீக்காமல் பொங்க முடியாது. ஒன்று, உலக்கையால் குத்திக் கை காய்த்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிப் போளூர் வரைக்கும் போக வேண்டும். ஊரில் கரண்ட் உண்டு. ஒரு வீட்டில் மிக்ஸி போட்டால் பக்கத்து வீட்டு பல்பு மங்கிப்போகும், அப்படிப்பட்ட கரண்ட். அதனால் எங்கள் மகளிர் குழுவுக்கு வெயிலிலேயே ஓடும் சாமை மிஷின் வந்தபோது ஊரே வேடிக்கை பார்த்தது. ஓட்டும் பொறுப்பு எனக்கு. கொட்டகைக்கு வெளியே இரும்பு ஸ்டாண்ட் போட்டுச் சோலார் பேனல்களை வரிசையாகச் சாய்த்து வைத்தார்கள். பேனல் என்ற பேச்சு இங்கே எடுபடவில்லை. எல்லோருக்கும் அது 'கண்ணாடி'தான்.

என் மாமியாருக்கு மட்டும் நம்பிக்கையே வரவில்லை. "வெயில்ல மொளகா காயும், சாமை குத்துமா?" என்று கேட்டார். ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகும், "நம்ம வேளைக்கு ஓடுதான்னு பாப்போம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் சொன்ன வேளையும் வந்தது. என் நாத்தனாருக்குச் சம்பந்தம் கூடி, ஆயுத பூஜை முடிந்து ஒரு நாள் விட்டு நிச்சயதார்த்தம் என்று முடிவானது. "எங்க வூட்ல புதுச் சாமைச் சோறுதான்" என்று மாமியார் மாப்பிள்ளை வீட்டாரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டார். குத்துவதற்கு ஆள் கூப்பிடக் கிளம்பியவரை நான்தான் தடுத்தேன். "எதுக்கு அத்த? பூஜை முடிஞ்ச மறுநாளே நான் மிஷின்ல போட்டுத் தர்றேன்." வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஆயுத பூஜையன்று குழுப் பெண்கள் எல்லோருமாக மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டினோம். வெளியே வந்து பார்த்தால் கண்ணாடிகள் மட்டும் வெறும் நெற்றியோடு நிற்கின்றன. வெயிலில் காய்ந்து உழைப்பது அதுதானே? அதை விட்டுவிட்டால் நன்றாகவா இருக்கும்? அதுவும் எங்கள் வீடுகளில் பொட்டு ஒட்டாத கண்ணாடியைப் பார்க்கவே முடியாது. ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டோம். ஒருத்தி விபூதியைக் குழைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பட்டை அடித்தாள். இன்னொருத்தி தோசை அகலத்துக்குச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். நான் மட்டும் இளைத்தவளா? என் கண்ணாடியில் மஞ்சளைக் குழைத்துக் கோலமே போட்டேன். செல்போனில் போட்டோ வேறு எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் வெயில் சுள்ளென்று அடித்தது. சாமையைக் கொட்டி சுவிட்சைப் போட்டேன். மிஷின் 'உம்ம்ம்' என்று முனகியது. அவ்வளவுதான், சுற்றவில்லை. நிறுத்திப் போட்டேன், மறுபடியும் முனகல். பூசணிக்காய் சரியாக உடையவில்லை என்றாள் ஒருத்தி. யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றாள் இன்னொருத்தி. அதற்குள் விஷயம் எட்டி, மாமியார் வந்து சாமை மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டார்.

"நாளைக்குக் கடை அரிசியே பொங்கிடலாம்," என்றார் நிதானமாக. "சம்பந்தி கேட்டா சொல்லிக்கலாம், எங்க மருமவ சாமையை வெயில்ல வெச்சிக்கீறா, இன்னும் அரிசி ஆவலன்னு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடி, போளூரில் இருக்கும் மெக்கானிக் தம்பிக்குப் போன் போட்டேன். பின்னாலேயே குழுப் பெண்கள் அத்தனை பேரும் வந்துவிட்டதால் ஸ்பீக்கரில் போட வேண்டியதாயிற்று.

"மேல நெழல் எதனா வுழுதாக்கா?"

"நெழலே இல்ல தம்பி. நல்ல வெயிலு."

"பேனல் மேல எதனா கீதா?"

"ஒண்ணுமில்ல தம்பி. பொட்டு மட்டும்தான்."

"எந்தப் பேனலுக்குக்கா பொட்டு வெச்சீங்க?"

"எல்லாத்துக்கும்தான். ஒண்ணுக்கு வெச்சிட்டு ஒண்ண வுட்டா பாவமில்ல?"

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். பட்டையும் சந்தனமும் வெயிலை மறைக்கின்றன. ஒரு ஓரம் மறைந்தாலே வரிசை முழுக்கச் சோர்ந்துபோகுமாம். "பொட்ட அழிச்சிட்டுப் போடுங்கக்கா, ஓடும்."

இவ்வளவுதானா என்று துணியோடு கண்ணாடி முன்னால் வந்து நின்றேன். கை எழவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள், கல்யாண வீட்டு மூத்த மருமகள், பொட்டை அழிப்பதா? துணியைப் பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினேன். "ஐயோ, என் புருஷன் லாரியில போய்க்கீறாரு" என்று அவள் பின்வாங்கினாள். துணி கைமாறிக் கைமாறிக் கடைசியில் என்னிடமே வந்தது. ஆம்பளை அழித்தால் தோஷமில்லை என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டோம். "பொம்பளைங்க வெச்ச பொட்ட அழிச்சவன்னு எனக்குப் பேரு வேணாம்" என்று அவர் போன வேகத்தில், அடுத்த மலையைத் தாண்டியிருப்பார்.

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. மிஷின் உம்மென்று இருந்தது. மாமியாரும்தான்.

அப்போது, கையில் மருதாணியோடு வீட்டுக்குள் இருக்க வேண்டிய கல்யாணப் பெண்ணே வெளியே வந்துவிட்டாள். நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"இன்னா அண்ணி இது? நாளைக்குக் காலைல எனக்கு மஞ்சத் தண்ணி ஊத்துவீங்களே, அப்ப என் பொட்டு கரையாதா? அத அழிச்சதுன்னா சொல்வீங்க? குளிப்பாட்டினதுன்னுதானே சொல்வீங்க? கண்ணாடியையும் குளிப்பாட்டுங்க."

முதலில் எழுந்தவர் மாமியார்தான். "குடத்த எடுங்கடி," என்றார். அதற்கப்புறம் கேட்க வேண்டுமா? கண்ணாடி ஒவ்வொன்றுக்கும் மஞ்சள் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், நலங்குப் பாட்டு வேறு. குளித்து முடித்ததும் வெறும் நெற்றி ஆகாதென்று ஸ்டாண்டின் கால்களுக்கு மாமியாரே பொட்டு வைத்தார். பிறகு சுவிட்சைப் போட்டேன். மிஷின் கடகடவென்று சுற்றி, வெள்ளை வெளேரென்று அரிசியைக் கொட்டியது. நான் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டேன்.

மறுநாள் பந்தியில் மாப்பிள்ளையின் அம்மா சாமைச் சோற்றை மறுமுறை கேட்டு வாங்கினார். "எங்க வூட்டு வெயில்ல ஆனது" என்றார் மாமியார், சூரியனே அவர் பெயரில் இருப்பதுபோல.

அன்று சாயங்காலம் மாமியார் தன் மகளின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருடைய உள்ளங்கையில் உலக்கை பிடித்த காய்ப்பு கல்லாட்டம் இருக்கும். "இந்தக் கைக்கு ஒலக்கையே தெரியாமப் போய்டும் போலக்கீது," என்று குறையாகத்தான் ஆரம்பித்தார். பிறகு மெதுவாக, "போவட்டும் வுடு," என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமைதோறும் கண்ணாடிகளுக்குக் குளியல் உண்டு. தூசி போய்விடுவதால் மிஷின் இன்னும் நன்றாக ஓடுகிறது என்று மெக்கானிக் தம்பியே சொல்கிறார். பொட்டு மட்டும் கால்களுக்குத்தான். அதை வைக்கக் குனியும்போதெல்லாம் "போவட்டும் வுடு" என்ற அந்தக் குரல் காதில் விழுகிறது. யாரோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் போன அந்தக் கண்ணாடி, எங்கள் பெண் பிள்ளைகளின் கையைக் காக்க வீட்டுக்கு வந்த இன்னொரு பெண் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.