குங்கும மரமும் ஒரு வெள்ளை வேட்டியும்

எங்கள் சூலூர் வீட்டு வாசலில் நிற்கும் குங்கும மரம் என் வீட்டுக்காரர் ஆசை ஆசையாக வைத்தது. மழைக்காட்டு மரமாம். இந்தப் பக்கம் எங்கேயும் பார்க்க முடியாதாம். விதையில் எடுக்கிற சாயத்தைத் துணிக்கும் போடலாம், பலகாரத்துக்கும் போடலாமாம். முள்ளு முள்ளாகக் காய்க்கும். உடைத்தால் உள்ளே செக்கச்செவேல் என்று விதை. தொட்ட விரல், விரலைத் துடைத்த துண்டு, துண்டை நனைத்த வாளி எல்லாம் சிவந்துபோகும். இதுவரை அது சாயம் போட்டது என் சேலைகளுக்குத்தான்.

மகளைப் பெண் பார்க்கப் பவானியிலிருந்து ஒரு பையனும் அவன் அப்பாவும் வந்தார்கள். அம்மா இல்லாத பையன். அன்றைக்கும் இந்த மனிதர் மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் காய் உடைத்துக்கொண்டிருந்தார். கார் சத்தம் கேட்டதும் விதையை மட்டும் அள்ளி ஒளித்தார், பெஞ்சைத் துடைக்கவில்லை. அதோடு விட்டாரா? மரத்தின் பெருமையைச் சொல்வதற்காக வந்தவர்கள் இருவரையும் அதே பெஞ்சில் உட்காரவைத்தார்.

நான் தண்ணீர்ச் சொம்போடு போவதற்குள் பெரியவர் எழுந்து வீட்டுக்குள் நடந்தார். பளீரென்ற வெள்ளை வேட்டியில் உட்கார்ந்த இடம் முழுக்கச் சிவப்பு.

சம்பந்தியாக வரப்போகிறவரிடம் அந்த இடத்தைப் பற்றி எப்படிப் பேசுவது? வந்த வரனையெல்லாம் தட்டிக்கழித்த மகள், இந்தப் பையனுக்குத்தான் "வரட்டுங்ம்மா, பாக்கலாம்" என்றிருந்தாள். பெரியவர் கூசிப்போய்க் கிளம்பிவிட்டால் எல்லாம் போச்சு. வாயை மூடிக்கொண்டு புது சோபாமேல் ஜமக்காளத்தை விரித்தேன்.

"எங்கூரு ஜமக்காளமுங்களா?" என்று பெரியவர் பூரித்துப்போனார். தனக்குச் செய்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார்.

வேட்டிக் கறையைப் பையனும் பார்த்துவிட்டான். அவனும் சொல்லவில்லை. அப்பா கை கழுவ எழுந்தால் ஒட்டிக்கொண்டு பின்னாலேயே போனான். சாமி படத்தைக் கும்பிட எழுந்தாலும் மறைத்துக்கொண்டு நின்றான். என் வீட்டுக்காரர் எதையும் கவனிக்காமல் மரத்தின் புராணத்தைப் பாடிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அரிவாள் கையில் இருந்தால் மரத்தை அப்போதே சாய்த்திருப்பேன்.

காபி கொண்டுவந்த மகள் இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். சிரிக்கிறாளே என்று திட்டப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவிங்கப்பாவ எப்படிப் பாத்துக்கறாரு பாருங்ம்மா" என்றாள்.

"போயிட்டுத் தகவல் சொல்றமுங்க" என்று பெரியவர் கும்பிட்டார். அப்படிச் சொல்லிப் போகிறவர்கள் எந்த வீட்டுக்கும் தகவல் சொல்வதில்லை. எதிர்வீட்டுச் சனம் முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. பெரியவர் முன்னால் போக, பையன் வழக்கம்போல் பின்னால் போனான். அதுவரை என் கண்ணெல்லாம் பெரியவரின் வேட்டிமேல்தான் இருந்தது. அப்போதுதான் பையனின் சந்தனநிறப் பேண்டைப் பார்த்தேன். அதிலும் அதே சிவப்பு. அவனும் அந்தப் பெஞ்சில்தானே உட்கார்ந்தான். பாவம், அவனை மறைக்க ஆளில்லை.

எந்த வரன் வந்தாலும் காபியைக் கொடுத்ததும் உள்ளே போய்விடுகிற என் மகள், காபித் தட்டை என் கையில் திணித்துவிட்டு, அவனுக்குப் பின்னால் ஒட்டினாற்போல் கார் வரைக்கும் நடந்தாள்.