உளைச்சல் என்று அவள் சொன்னது

என் மனைவி தன் கடைசி நாட்களில் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளைக் கவனித்த நர்ஸ் அதற்கு வேறு பொருள் எடுத்துக்கொண்டாள். சரியான பொருள் தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். நான் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, தெரிந்தே சொல்லாமல் இருந்தேன்.

நான் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் மற்றக் கல்லூரிகளைப் பார்வையிடும் குழுக்களில் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள். ஆய்வகத்தில் காற்றோட்டம் உண்டா, நூலகத்தில் தூசி இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று பார்த்து மதிப்பெண் போடுவது என் வேலை. அதில் நான் கறாரானவன் என்று பெயர் இருந்தது. அந்தப் பெயரில் எனக்குப் பெருமையும் இருந்தது.

அவளுக்கு மார்பில் தொடங்கிய புற்று எலும்புக்குப் போய்விட்டிருந்தது. இனி சிகிச்சை வேண்டாம், நிம்மதியாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். கொட்டாரத்தில் எங்கள் வீட்டுக்கு அவளைக் கொண்டுவந்தேன். வேலைக்கு ஒரு பெண் வந்துபோவாள். மகள் மஸ்கட்டில். மற்றபடி வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். அவள் முனகுவாள். நான் எந்த அறையில் இருந்தாலும் கேட்கும். பின்பக்கம் வயல் வரப்பில் போய் நின்றாலும் கேட்பதுபோல இருக்கும். அவளுக்கு நல்ல இடம் பார்க்க வேண்டும் என்று எல்லாரிடமும் சொல்லத் தொடங்கினேன். எனக்குத் தேவைப்பட்டது அந்த முனகல் கேட்காத இடம்.

இரண்டு இடங்களை ஆராய்ந்தேன். ஒன்று, நாகர்கோவிலில் ஒரு மருந்துக்கடை மாடியில் இருந்தது. வேனில் வீட்டுக்கே வந்து நோயாளியைப் பார்த்துப்போகும் குழு. ஏறிப்போகும் படி குறுகல். உள்ளே தண்ணீர்ப் படுக்கைகளையும் ஊன்றுகோல்களையும் சுவரோரம் அடுக்கிவைத்திருந்தார்கள். உட்கார ஒரு கால் ஆடும் பெஞ்சு. போன் ஓயாமல் அடித்தது. நான் இருந்த நேரம் முழுவதும் யாரோ யாருக்கோ, "அரை மாத்திரை கூடக் குடுங்க, நாங்க இந்தா வாறோம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அங்கிருந்த டாக்டர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவங்களுக்கு எங்க இருக்கணும்னு ஆசை?"

"அவளுக்கு அதெல்லாம் சொல்லத் தெரியாது" என்றேன்.

ஒழுங்கில்லாத இடம் என்று மனதுக்குள் எழுதிக்கொண்டு இறங்கிவிட்டேன்.

மற்றது ஆரல்வாய்மொழிக்கு அப்பால். ஒரு அறக்கட்டளை நடத்திவந்தது. சுற்றிலும் காற்றாலைகள். வெள்ளை ஓடு பதித்த தரை, சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவு, கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. மருந்து வைத்திருந்த அலமாரியைத் திறந்துகாட்டச் சொன்னேன், காட்டினார்கள். டாக்டர் வாரத்தில் இரண்டு தடவை வருவார் என்றார்கள். கூடத்தில் நின்றபோது ஒரு சத்தமும் இல்லை. அத்தனை கட்டில்களில் ஆட்கள் இருந்தும் இல்லை. அந்த ஒன்றுக்குத்தான் நான் முழு மதிப்பெண் போட்டேன். கட்டிலில் கிடந்த ஒருவரிடமாவது ஒரு வார்த்தை கேட்டேனா என்றால், கேட்கவில்லை.

கார் வந்து நின்றபோது அவள், "இஞ்சயே கிடந்தா என்னா?" என்று கேட்டாள்.

"அங்க நல்லாப் பாப்பாங்க" என்றேன்.

"இஞ்ச பாக்க ஆளில்ல, இல்லியா" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

அவள் கருங்கல் பக்கத்துக்காரி. ஆரம்பப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் பேச்சின் ராகத்தைச் சொல்லி என் நண்பர்கள் கேலி செய்வார்கள், அவளும் விடாமல் திருப்பிக் கொடுப்பாள். நாளெல்லாம் வகுப்பில் நின்றுவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்து, "காலு உளையுது, இஞ்ச வந்து கொஞ்சம் பிடிச்சு விடுங்க சாரே" என்பாள். அந்த 'சாரே' எனக்கான கிண்டல். நானும் பிடித்துவிடுவேன். அவள் கணக்கில் வலி என்பது பல்லுக்கும் தலைக்கும் வருவது, தொட்டால் எரிவது, குத்துவது. எலும்புக்குள்ளேயிருந்து வந்து, எந்தப் பக்கம் திரும்பினாலும் விடாமல் கடைவது உளைச்சல். இரண்டும் அவளுக்கு வேறு வேறு. இது எனக்கு நாற்பது வருடமாகத் தெரியும்.

அந்த இடத்தில் அவளைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் தருமபுரிப் பக்கத்துப் பெண். நல்ல பெண், அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. சேர்த்த மறுநாள் காலையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது கேட்டாள்.

"அம்மா, எங்கயாச்சும் வலி இருக்கா?"

"வலியொண்ணும் இல்ல மக்கா. உளைச்சல்தான். தாங்க முடியல்ல."

"வீட்டு ஞாபகமாம்மா?"

"அது இல்லாம இருக்குமா."

நர்ஸ் என் பக்கம் திரும்பினாள். "மனசு ரொம்பக் கஷ்டப்படுறாங்க சார். வலி இல்லன்றது பெரிய விஷயம். டாக்டர்கிட்ட கேட்டு தூக்கத்துக்கு ஒரு மாத்திரை போட்டுடலாம். அமைதியா இருப்பாங்க."

அந்த இடத்தில் நான் ஒரு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். இவள் சொல்வது மனதை அல்ல, எலும்பை. அவ்வளவுதான். ஆனால் அமைதியா இருப்பாங்க என்ற சொல்லில் என் காது போய் நின்றுவிட்டது.

"சரிம்மா" என்றேன்.

மாத்திரை போட்டார்கள். அவள் முனகுவது நின்றது. தூங்கினாள். தூக்கத்தில் புருவம் நெரிந்தபடியே இருக்கும். கால் விரல்கள் விரிப்பைப் பற்றிப் பற்றி விடும். நான் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பேன். சன்னலுக்கு வெளியே காற்றாலை சுற்றும். மகள் போனில் கேட்பாள், "அம்மாவுக்கு வேதனை உண்டாப்பா?" இல்லை, நன்றாகத் தூங்குகிறாள் என்பேன்.

ஒருநாள் மத்தியானம் மருந்தின் பிடி தளர்ந்து கண் விழித்தாள். என்னை அடையாளம் தெரிந்தது.

"அந்தப் பிள்ளைக்கு உளைச்சல்னா என்னான்னு மனசிலாவல்ல போல. நீங்க சொல்லல்லியா?"

"சொன்னேன்" என்றேன்.

"சொன்னியளா?" என்றாள். பிறகு, "அப்ப இதுக்கு மருந்து இல்லயாக்கும்" என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. அந்த வாரமே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் வந்தவர்களிடமெல்லாம் அந்த இடத்தைப் பற்றிப் பேசினேன். என்ன சுத்தம், என்ன கவனிப்பு, ஒரு முனகல் இல்லாமல் போனாள் என்றேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன். அந்த இடம் நல்ல இடமாக இருந்தாக வேண்டியிருந்தது எனக்கு. அதற்கு ஒரு குறை சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் கொட்டாரம் சந்திப்பில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார். தாய் தகப்பன் சிறுவயதில் போனபின் அவரை வளர்த்தது அவருடைய அக்கா. தம்பிக்காகக் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருந்துவிட்டவர். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் அந்த அம்மாளின் அதட்டல் கேட்காத நாள் கிடையாது. என் மனைவி போன மறுவருடம் அந்த அம்மாளுக்கும் அதே நோய் வந்து, அதே கட்டத்துக்கு வந்தது. கடைக்காரர் ஒரு காலையில் மதிலோரம் வந்து நின்றார்.

"சாரே, அம்மாவ நீங்க கொண்டுபோன எடத்துக்கே அக்காவக் கொண்டுபோலாம்னு பாக்கேன். நீங்க எல்லாம் ஆராஞ்சு பாத்துல்லா சேத்திய. நல்ல எடந்தானே?"

"நல்ல இடம்" என்றேன்.

"அப்ப திங்கக்கிழமை வண்டி சொல்லிருதேன். அக்கா மாட்டேன்னுதான் நிக்கா. சாரு சொன்னாருன்னு சொன்னா கேப்பா."

உள்ளே வந்து உட்கார்ந்தேன். மதிலுக்கு அப்பால் அந்த அம்மாள் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார். ஏசிக்கொண்டே இடையில், "ஏட்டி, அந்தத் தலைகாணிய காலுக்கடில வையி. உளையுதுட்டி" என்றார். நான் வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமைக்குப் பிறகு இந்தச் சொல்லும் அந்த வெள்ளைத் தரைக்குப் போகும். அங்கே அதற்கு ஒரு தூக்கமாத்திரை கொடுப்பார்கள். சாரு சொன்னாரு என்று ஒரு பெண் தன் வீட்டைவிட்டுப் போவாள்.

போக வேண்டும் என்று எழுந்தவன் சட்டை போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை கடை மூடும் நேரத்துக்குச் சந்திப்புக்குப் போய், அவர் சாக்குகளை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன். நர்ஸ் கேட்டதையும், நான் சரிம்மா என்றதையும், நர்ஸிடம் சொல்லிவிட்டதாக என் மனைவியிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் சாக்கைப் பிடித்த கையோடு நின்றார்.

"சாரே, அன்னைக்கிப் பதினாறுக்கு வந்தப்ப எனக்க கையப் பிடிச்சுல்லா சொன்னிய. சொர்க்கம் மாதிரின்னிய."

"சொன்னேன்."

"முந்தாநாளும் நல்ல எடம்னுதானே சொன்னிய."

"ஆமா."

"பின்ன இப்ப ஏன் சொல்லுதிய?"

"வீட்டுக்கு வந்து பார்க்கிற டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் போய்ப் பார்த்திருக்கிறேன். மாடியில் இருக்கிற இடம். கூப்பிட்டால் போனை எடுக்கிறார்கள்" என்றேன்.

"அம்மா வேதனையில கிடந்திருக்கா. நீங்க பேப்பர் படிச்சிருக்கிய" என்றார். குரலை உயர்த்தவில்லை. ஷட்டரை இழுத்து விட்டு, பூட்டிவிட்டு, என்னைத் தாண்டி நடந்தார். வழக்கமாகச் சந்திப்பிலிருந்து தன் பைக்கில் என்னை ஏற்றிவருவார். அன்று நடந்து வந்தேன்.

திங்கட்கிழமை வண்டி வரவில்லை. புதன்கிழமை வேன் வந்தது. மாடியில் நான் பார்த்த டாக்டர்தான் இறங்கினார். என்னைப் பார்த்தார், ஞாபகம் இருந்ததா என்று தெரியவில்லை. மதிலுக்கு அப்பால் அவர் குரல் கேட்டது. "அக்கா, உளைச்சல் எங்கெங்க உண்டு? கைய வச்சுக் காட்டுங்க."

நான் ஆரல்வாய்மொழிக்கும் போனேன். தருமபுரிப் பெண் வேலையை விட்டுப் போயிருந்தாள். பொறுப்பில் இருந்த அம்மையாரிடம் அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்லி, இந்தப் பக்கத்தவர் சொன்னால் உடம்பைச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பொறுமையாகக் கேட்டார். "எல்லாருக்கும் சொல்லிவைக்கிறேன்" என்றார். பிறகு, "நீங்க தினமும் கூடவே இருந்தீங்களே சார். அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றார். வீட்டுக்கு வந்து மகளிடமும் போனில் சொன்னேன். "வைக்கட்டாப்பா" என்றாள். இப்போது வாரம் ஒருமுறை செய்தி அனுப்புகிறாள், மருந்து சாப்பிட்டீர்களா என்று. சாப்பிட்டேன் என்று பதில் போடுகிறேன். கூப்பிடுவதில்லை.

பக்கத்து வீட்டில் அக்கா சில மாதங்கள் இருந்தார். மார்ஃபின் கொடுத்தார்கள். இடையிடையே முனகுவது கேட்கும். உடனே தம்பி போனில் பேசுவது கேட்கும். கொஞ்சம் கழித்து அந்த அம்மாள் யாரையாவது ஏசுவார், குழம்பில் உப்பில்லை என்பார், தம்பி மெலிந்துபோனதைக் கிண்டல் செய்வார். நான் மதிலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். எந்த அறைக்கும் எழுந்து போகவில்லை. கடைக்காரர் என்னைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அரிசி பருப்பை வேறு கடையில் வாங்கத் தொடங்கினேன்.

போன மாதம் ஒரு காலையில் மதிலுக்கு மேல் அவர் தலை தெரிந்தது.

"சாரே, அக்கா போயிட்டா."

போனேன். முற்றத்தில் ஒரு நாற்காலி கொடுத்தார்கள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. எடுப்பதற்கு நேரமிருந்தது. கடைக்காரர் பந்தல்காரரோடு பேசிவிட்டு வரும் வழியில் என் எதிரே நின்றார்.

"நேத்து வரைக்கும் பேசினா. உங்களப் பத்தியும் கேட்டா."

"என்ன கேட்டாங்க?"

"அந்தம்மாவுக்கு சாரு காலாவது பிடிச்சு விட்டாரான்னு கேட்டா. எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்."

அவர் போகாமல் நின்றார்.

"இல்லை" என்றேன். "அங்கே வைத்துப் பிடித்துவிடவில்லை."

தலையை மெல்ல ஆட்டினார். தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போடப் போனார்.