காரணம் என்ற கட்டம்

குற்றச்சாட்டு: 12.3.1987 அன்று தங்கள் அலுவலகப் பலகையில் ஒட்டப்பட்ட உதவித்தொகைப் பட்டியலில், உண்ணாமலை என்ற என் பெயருக்கு எதிரே, ‘கணவரால் கைவிடப்பட்டவர். காரணம்: குழந்தையின்மை’ என எழுதி, ஊரார் படிக்கும்படி வைத்தது.

நான் விசைத்தறிப் பட்டறையில் நூல் சுற்றுபவள். குமாரபாளையத்தில் ஒரு லைன் வீட்டில் தனியே குடியிருந்தேன். தனித்திருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைக்காது என்பதால், கணவர் போர்வெல் ரிக் வண்டியில் வடநாடு போயிருப்பதாகச் சொல்லியிருந்தேன். எங்கள் பகுதியில் அது வழக்கம்தான். மழை பிடித்து, கிணறு தோண்டும் வேலை நின்றால்தான் ஆண்கள் திரும்புவார்கள். உண்மையில் அவர் வேறொருத்தியை மணந்து செவ்வாய்ப்பேட்டையில் இருந்தார்.

குழாயடியில் அடுத்த வீட்டு வசந்தாமணி கேட்பாள்: “ஏனக்கா, மாமன் ரிக்கு எப்பத் திரும்புது?”

“மழைக்கு வந்துருவாரு சாமி.”

அப்படிச் சொல்வது எனக்குப் பிடித்திருந்தது. வேறு யாரும் என்னிடம் அவரைப் பற்றிக் கேட்டதில்லை.

பட்டியல் ஒட்டிய மறுநாள் வசந்தாமணி தன் குடத்தைத் தள்ளி வைத்தாள். “நானும் பாக்கறேன், இத்தன வருசமா தண்ணியே காணாமத் தோண்டறாங்களேன்னு!” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டுக்காரர் ராசப்பன் சிரிக்கவில்லை. “தப்பா நெனைக்காதீங்க. தனிப் பொம்பளைக்கு ஊடு உடறதில்லீங்க. மாசக் கடைசிக்குள்ள வேற எடம் பாத்துக்குங்க.”

தங்கள் எழுத்தரிடம் முறையிட்டேன்.

“அரசாங்கப் பணம்மா. யாருக்குப் போவுதுன்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?”

“பேரு தெரியட்டுங்க, தொகை தெரியட்டுங்க. அவரு ஏன் உட்டுட்டுப் போனாருங்கறது எதுக்குங்க?”

“நீங்க எழுதிக் குடுத்ததுதானே?”

“உங்களுக்கு எழுதிக் குடுத்தனுங்க. குழாயடிக்கு எழுதிக் குடுக்கலீங்களே.”

அவர் அடுத்தவரைக் கூப்பிட்டார்.

பொய்ப் பெயரில் பணம் எடுப்போர் உண்டு. ஆகவே பட்டியல் வெளியில் இருக்கத்தான் வேண்டும். முதியோர், விதவையர், என் போன்றோர் அனைவரையும் ஒரே பட்டியலில், பெயரும் தொகையுமாக மட்டும் போடலாம். காரணத்தைத் தணிக்கைக்கு வருபவர் கோப்பில் பார்த்துக்கொள்ளட்டும். அப்போதும் எதற்கு இந்தப் பணம் என்று வசந்தாமணி கேட்டிருப்பாள். ஆனால் என்ன பதில் சொல்வது என்பதை நான் முடிவு செய்திருப்பேன்.

இப்போது எடப்பாடியில் ஒரு பட்டறையின் பின்னறையில் இருக்கிறேன். இங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பொய் சொல்லக்கூட ஆளில்லை. உதவித்தொகையை இவ்வூருக்கு மாற்றும் விண்ணப்பத்தை நிரப்பி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அனுப்பினால் இவ்வூர்ப் பலகையிலும் ‘காரணம்’ என்ற அந்தக் கட்டம் வருமா, வராதா? வாய்மொழியாக வேண்டாம், கையொப்பமும் தேதியும் இட்டு, எழுத்துமூலம் பதில் தருக.